பாட்டு, கிட்டார், ஒரு கழுத்துக் கட்டி

1/
வழக்கமா இங்கே சுகர், பிரஷர், காய்ச்சல் என்றுதான் எழுதுவேன். இன்றைக்குக் கொஞ்சம் சொந்தக் கதை. நீளமான பதிவு. ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். கடைசியில் மருத்துவ விஷயமும் இருக்கு. அது மட்டும் போதும் என்பவர்கள் நேராக 22-க்குப் போகலாம். ஆனால் அதை ஏன் எழுதுகிறேன் என்று அவர்களுக்குப் புரியாது.

2/
2018 ஜூலை. மறுநாள் காலை தைராய்டு ஆபரேஷனுக்கு நான் அட்மிட் ஆக வேண்டும். ராத்திரி பத்தரை மணிக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். போனை தண்ணீர்த்தொட்டி மேல் சாய்த்துவைத்து ஒரே ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தேன். மனைவி மேலே வந்து, "என்னங்க இந்த நேரத்துல?" என்றார். "சும்மாதான்" என்றேன்.

சும்மா இல்லை. நாளைக்கு இந்தக் குரல் இருக்குமோ இருக்காதோ, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வோம் என்ற பயம்.

3/
இத்தனைக்கும் நான் பாடகன் இல்லை. ஹாஸ்டல் டேயைத் தாண்டி மேடை ஏறினதில்லை. பாட்டால் ஒரு ரூபாய் சம்பாதித்ததில்லை. அப்புறம் எதற்கு இந்தப் பயம்? அதைச் சொல்ல ஆரம்பத்திலிருந்து வரணும்.

4/
மதுரை ரயில்வே காலனி. அப்பா ரயில்வேயில் கிளார்க். காலையில் ஷேவ் செய்யும்போது மட்டும் பாடுவார். ரேசர் கன்னத்தில் இருக்கும்போது முணுமுணுப்பு, கழுவும்போது முழுக்குரல். இலங்கை வானொலி ஓடும். நானும் கூடவே பாடுவேன். நல்லாப் பாடுறேன் என்று எனக்கு நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

1984-ல் மாமா துபாயிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். என்னைப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணித் திருப்பிப் போட்டார். "இது யாரு மாமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

5/
உங்களுக்கும் இது நடந்திருக்கும். காரணம் எளிது. நாம் பேசும்போது நம் குரல் நமக்கு இரண்டு வழியாகக் கேட்கிறது. ஒன்று காற்று வழி, இன்னொன்று மண்டை எலும்பு வழி. எலும்பு வழியாக வருவது கனத்த ஒலி. பதிவில் அது இல்லை. அதனால் ஒல்லியாக, யாரோ மாதிரி கேட்கும். சோகம் என்னவென்றால் ஊர் கேட்பது அந்த ஒல்லிக் குரலைத்தான்.

ஸ்கூல் பாட்டுப் போட்டியில் ஒரு சார் தீர்ப்பு சொன்னார். "சுருதி சேரலை. ஆனா தைரியம் இருக்கு." அந்த இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

6/
கிட்டார் ஆசை வந்தது 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தால். அதில் எஸ்.பி.பி. பாடிய நிலாப் பாட்டு. பாட்டு தொடங்கும் முன்பே அந்தக் கிட்டார் ஆளை இழுத்துவிடும். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆச்சு. அப்போது எங்களுக்குக் கிட்டார் என்றாலே ராஜா சார்தான். அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்ததும் டிரினிட்டி காலேஜ் கிட்டார் பரீட்சை எழுதியதும் பத்திரிகைகளில் படித்து மனப்பாடம்.

ஆனால் எங்கள் காலனியில் யாரிடமும் கிட்டார் கிடையாது. சர்ச்சில் பார்க்கலாம், மெல்லிசைக் குழு மேடையில் பார்க்கலாம். அவ்வளவுதான்.

7/
1990-ல் மெடிக்கல் காலேஜ் சேர்ந்தேன். ஹாஸ்டலில் ரூம்மேட் நாகர்கோவில்காரன். சர்ச் கொயரில் வளர்ந்தவன். படிப்பை முடித்துக் கிளம்பின ஒரு சீனியரிடமிருந்து கல்கத்தாவில் செய்த பழைய கிட்டார் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். அம்மாவிடம் 'ஆஸ்டியாலஜி எலும்பு செட்' வாங்கப் பணம் கேட்டேன். எலும்பு செட்டும் வாங்கினேன், கிட்டாரும் வாங்கினேன். ரெண்டு மாசம் மெஸ்ஸில் எக்ஸ்ட்ரா எதுவும் சாப்பிடவில்லை.

டியூனர் எல்லாம் அப்போ ஏது? ஒரு கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி, அடுத்த கம்பியை அதோடு சேர்க்க வேண்டும். மூன்றாவது கம்பிக்கு மட்டும் நாலாவது ஃப்ரெட். முதல் ஒரு மாசம் அவன் எனக்குப் பாட்டே சொல்லித்தரவில்லை, டியூன் பண்ண மட்டும்தான். "மக்கா, காது வராம கை வந்து பிரயோஜனம் இல்ல" என்பான். இன்றுவரை என் சுருதி கொஞ்சமாவது சேருகிறது என்றால் அந்த ஒரு மாசம்தான்.

8/
அப்புறம் ஜி, சி, டி, இ மைனர். நாலு கார்டில் நாற்பது பாட்டு. எல்லாம் நல்லாப் போச்சு, எஃப் கார்டு வரும் வரைக்கும்.

கிட்டார் கற்றவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்தணும். ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்கும். நிறையப் பேர் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது இந்த எஃப்பில்தான். எனக்கு எட்டு மாசம் ஆச்சு. விரல் நுனி சிவந்து, எரிந்து, கடைசியில் காய்த்துப்போனது. தோல் தன்னை அழுத்துகிற இடத்தில் கெரட்டினை அடுக்கிக்கொள்ளும். விறகு வெட்டுபவர் கைக்கும் எங்கள் விரலுக்கும் நடப்பது ஒன்றுதான்.

9/
முதல் வருஷ அனாடமி வைவா. எக்ஸாமினர் லாரிங்ஸை, அதாவது குரல்வளையை, கையில் கொடுத்தார். மற்ற கேள்விகளில் தடுமாறினேன். "குரலின் ஸ்ருதியை ஏற்றும் தசை எது?" என்றார். கிரைகோதைராய்டு என்றேன். "எந்த நரம்பு?" சுப்பீரியர் லாரிஞ்சியல் நரம்பின் வெளிக்கிளை என்றேன். "எப்படி ஞாபகம் வச்சிருக்க?" என்று கேட்டார். "சார், அது கிட்டாரோட டியூனிங் கீ மாதிரி." சிரித்துவிட்டு பாஸ் போட்டார்.

உண்மையிலேயே அப்படித்தான். குரல் நாண்கள் ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்தத் தசை சுருங்கினால் நாண்கள் நீண்டு விறைக்கும், ஸ்ருதி ஏறும். மற்ற தசைகளுக்கெல்லாம் வேறொரு நரம்பு. இந்த ஒன்றுக்கு மட்டும் தனிக் கம்பி.

10/
இன்னொரு கணக்கு. கிட்டாரின் ஐந்தாவது கம்பியைச் சும்மா தட்டினால் விநாடிக்கு 110 தடவை அதிரும். ஓர் ஆண் சாதாரணமாகப் பேசும்போது அவர் குரல் நாண்களும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் அதிர்கின்றன. அதனால்தானோ என்னவோ, ராத்திரியில் அந்தக் கம்பியை மட்டும் தட்டினால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

11/
1998. மேலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். கல்யாணம், குழந்தை, ராத்திரி பிரசவங்கள், பாம்புக்கடி. கிட்டார் பரணுக்குப் போனது. "அடுத்த மாசம் எடுப்போம்" என்று சொல்லிச் சொல்லிப் பன்னிரண்டு வருஷம்.

அந்த ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லணும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

12/
பெரியாறு கால்வாய்த் தண்ணி பாயும் நெல் பூமி அது. நடவு நேரத்தில் சென்டருக்குப் பின்னால் வயலில் பெண்கள் பாடுவது ஊசி போடும் அறை வரை கேட்கும். அதில் ஒரு குரல் முன்னால் போகும், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த முன்குரல்காரர் ஒருநாள் என் ஓபி வரிசையில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாசம். தழும்பு நன்றாக ஆறியிருந்தது.

"பேச்சு வருதுங்க சார். பாட்டுதான் ஏற மாட்டேங்குது. கோயில்ல குலவை போடக்கூட வரலைங்க."

13/
வெளியே எண்பது பேர் வரிசை. தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நான் சொன்னது இதுதான். "பேச வருதுல்லம்மா? கட்டி போச்சுல்ல? அது போதும். என்ன, கச்சேரியா பண்ணப் போறீங்க?"

அவரும் சிரித்தார். "அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு, பி காம்ப்ளக்ஸ் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுபடி அதைக் கேட்டு வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

14/
2010. எனக்கு 38. மகள் பரணில் எதையோ தேடப்போய்க் கிட்டாரைக் கண்டுபிடித்தாள். கம்பி துருப்பிடித்து, கழுத்து வளைந்து, உள்ளே எலி குடும்பம் நடத்தின தடயம். "அப்பா, இது யாருது?" என்று கேட்டாள். டேப் ரெக்கார்டரில் என் குரலைக் கேட்டு நான் கேட்ட அதே கேள்வி.

அதை ரிப்பேர் பண்ண முடியவில்லை. புதுசு வாங்கினேன். கற்றுக்கொடுக்க வந்த பையனுக்கு 21 வயசு. அவன் என்னை டாக்டர் என்பான், நான் அவனை மாஸ்டர் என்பேன். முதல் நாளே என் எஃப்பைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது தப்பு" என்றான். விரலின் தட்டையான பக்கத்தால் அழுத்தக் கூடாது. லேசாகத் திருப்பி எலும்பு இருக்கிற ஓரத்தால் அழுத்தணும், முழங்கையை உடம்போடு சேர்க்கணும், கட்டைவிரல் பின்னால் நடுவில் இருக்கணும். ரெண்டே நாளில் சுத்தமாக ஒலித்தது. எட்டு மாசம் கஷ்டப்பட்டுக் கற்றதே தப்பு. இப்படி எத்தனை பேருக்கு என்னென்ன தப்பாக எழுதிக் கொடுத்திருப்பேனோ என்று அன்றைக்கு ஒரு பயம் வந்தது.

15/
அப்புறம் தினமும் ராத்திரி இருபது நிமிஷம். பெரிசாக முன்னேறவில்லை. விரலால் மீட்டுகிற பாணிக்கு வலதுகையில் நகம் வளர்க்கணும். நோயாளியைத் தொடுகிறவன் நகம் வளர்க்கக் கூடாது. ஆகவே நகமில்லாத சதையால் மீட்டினால் என்ன ஒலி வருமோ அதுதான் என் ஒலி.

1995-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. கம்பி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடதுகை விரல்களுக்கான இடம் மற்றவர்களைவிடப் பெரிசாக இருக்கிறது, சின்ன வயசில் தொடங்கியவர்களுக்கு இன்னும் பெரிசு என்று அதில் சொன்னார்கள். எனக்கு வயசு தாண்டிவிட்டது, தெரியும். ஆனாலும் அந்த இருபது நிமிஷத்தில் நான் யாருக்கும் டாக்டர் இல்லை. தப்பு பண்ணினால் யாரும் சாகமாட்டார்கள். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்று சொன்னால் நம்புவீர்களா?

16/
2018 மே. மகள் ஹாஸ்டலில் இருந்து, "அப்பா ஒரு பாட்டு அனுப்புங்க" என்றாள். மனைவி வீடியோ எடுத்தார். அனுப்பும் முன் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க, கழுத்துல இது என்ன?" என்றார்.

சரணத்தில் மூச்சு எடுத்து எச்சில் விழுங்கும் இடத்தில், வலதுபக்கம் ஒரு உருண்டை மேலே ஏறி இறங்கியது. விழுங்கும்போது ஏறி இறங்கினால் தைராய்டு என்று முதல் வருஷ மாணவனும் சொல்லுவான். நான் தினமும் காலையில் ஷேவ் செய்கிற கழுத்து அது. பார்க்கவே இல்லை.

17/
ஸ்கேன், ஊசிப் பரிசோதனை. ரிசல்ட் 'பெதஸ்டா நான்கு'. அதாவது ஃபாலிகுலர் கட்டி. நல்லதா கெட்டதா என்று ஊசியால் சொல்ல முடியாத வகை. கட்டியின் உறையை உடைத்து வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கட்டி இருக்கிற பாதியை எடுத்தாகணும்.

சர்ஜன் என் காலேஜ் ஜூனியர். "சார், பயப்படாதீங்க. பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"பேசறதுக்கு இல்லம்மா. பாடறதுக்கு."

சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. கேன்சரா இல்லையா என்று தெரியாத நேரத்தில் 46 வயசு ஆள் கேட்கிற கேள்வியா இது?

18/
அவர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "என்ன பாடுவீங்க சார்? உங்களால ஏற முடிஞ்ச உச்சம் வரைக்கும் இப்பப் பாடிக் காட்டுங்க" என்றார். கன்சல்டேஷன் ரூமில், நர்ஸ் முன்னால், ஸ-வில் தொடங்கி மேல் ஸ தாண்டிப் போனேன். எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். குரல் நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்க இ.என்.டி.க்கு அனுப்பினார். பிறகு கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற இடத்தில் மருத்துவர் என்று இருந்ததன் பக்கத்தில் ஒரு கமா போட்டு 'பாடுபவர்' என்று எழுதினார்.

யாரும் என்னை அப்படி எழுதினது அதுதான் முதல் தடவை. பேப்பரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

19/
அன்றைக்குக் காரில் வரும்போது மேலூர்க்கார அம்மா ஞாபகத்துக்கு வந்தார். இருபது வருஷம் கழித்து.

பேச்சு வருது, பாட்டு ஏறவில்லை, குலவை வரவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்லவே முடியாது. தைராய்டின் மேல் முனையை ஒட்டிப் போகும் அந்த மெல்லிய வெளிக்கிளை பாதிக்கப்பட்டால் இதுதான் நடக்கும். பேச்சு கிட்டத்தட்ட பழையபடி இருக்கும். மேல் ஸ்தாயி போகும், உரக்கக் கூப்பிட முடியாது, குரல் சீக்கிரம் களைக்கும். டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. நல்ல சர்ஜன் கையிலும் இது நடக்கலாம், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என்னுடையது. வைவாவில் அந்த நரம்பின் பெயரைச் சொல்லி பாஸ் வாங்கியவன் நான். அதே நரம்பு பாதித்த மாதிரி ஒருத்தர் எதிரே வந்து உட்கார்ந்தபோது கச்சேரியா பண்ணப் போறீங்க என்று கேட்டேன்.

20/
சர்ஜரி படிப்பவர்களிடம் அந்த நரம்புக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு: கல்லி-குர்ச்சி நரம்பு. அமெலிட்டா கல்லி-குர்ச்சி இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஓபரா பாடகி. உச்ச ஸ்தாயிக்குப் பேர்போனவர். 1935-ல் அவருக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதில் இந்த நரம்பு போய்க் குரலும் போனது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். குரல் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியோ, நரம்புக்கு ஒரு பாடகியின் பெயர் ஒட்டிக்கொண்டது. வயலில் பாடியவரின் பெயர் என் ஓபி நோட்டில்கூட ஒரு வரிசை எண்ணாகத்தான் இருந்திருக்கும்.

அவரைத் தேடிப் போனேன். சென்டர் கட்டிடமே மாறிவிட்டது. அடையாளம் சொல்லிக் கேட்டதில், மகளோடு திருப்பூர் போய் ரொம்ப வருஷம் ஆச்சு என்றார்கள். அதற்குமேல் தெரியவில்லை.

21/
என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயாப்ஸியில் சாதாரணக் கட்டிதான். பேச்சு மறுநாளே வந்தது. மூன்றாவது வாரம் கிட்டாரை எடுத்தேன்.

நான் வழக்கமாக நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, சி வடிவத்தில் வாசித்துப் பாடுவேன். நம் கணக்கில் 3 கட்டை. (கேப்போ என்பது கம்பிகள் மேல் மாட்டும் ஒரு கிளிப். அதை நகர்த்தினால் பாட்டு மொத்தமும் ஏறும், இறங்கும்.) அன்றைக்குச் சரணம் ஏறவே இல்லை. அங்கே குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. கேப்போவை மூன்றுக்கு இறக்கினேன், இரண்டு, ஒன்று. கடைசியில் கழற்றியே வைத்துவிட்டேன். 1 கட்டை. அதிலும் கரகரப்பு.

சர்ஜன், "நரம்பைப் பார்த்துப் பத்திரமா விட்டிருக்கேன் சார். இழுபட்டிருக்கும். டைம் கொடுங்க" என்றார். குரல் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். ஸ்ட்ராவில் ஊதிக்கொண்டே ஸ்ருதி ஏற்றி இறக்கும் பயிற்சி, தினமும் மூன்று தடவை. எட்டு மாசத்தில் கேப்போ இரண்டாவது ஃப்ரெட்டுக்கு வந்தது. 2 கட்டை. இப்போது எனக்கு 53. கேப்போ இன்றும் அங்கேதான் இருக்கிறது. இனி நாலுக்குப் போகாது. நரம்பு பாதி, வயசு பாதி.

22/
சரி, மருத்துவ விஷயத்துக்கு வருவோம்.

• கழுத்தில் கட்டி தெரிந்தால் காட்டுங்கள். தைராய்டு கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சாதாரணமானவை. பயந்துகொண்டு ஒளித்து வைக்காதீர்கள்.

• தைராய்டு ஆபரேஷன் என்றால், முன்னும் பின்னும் குரல் நாண்களைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். குரல் உங்கள் வாழ்க்கையில் என்ன வேலை செய்கிறது என்று சர்ஜனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அனுபவமுள்ள கைகளில் நிரந்தரப் பேச்சுப் பாதிப்பு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆனால் மேல் ஸ்தாயி இழப்பைக் கேட்டால்தான் தெரியும்.

• பிறகு குரலில் மாற்றம் இருந்தால் 'ஆறும் ஆறும்' என்று வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள். குரல் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

• ஆபரேஷன் எதுவும் இல்லாமலே குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தால் கட்டாயம்.

• தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்காதீர்கள், நாண்கள் ஒன்றோடொன்று மோதும். அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர். கிசுகிசுப்பதும் குரலுக்கு ஓய்வு இல்லை. ஓய்வு என்றால் மௌனம்.

23/
நாற்பதில், ஐம்பதில் கிட்டார் தொடங்க நினைப்பவர்களுக்கு: தாராளமாகத் தொடங்குங்கள். நைலான் கம்பி விரலுக்கு மெத்து. வாங்கும்போதே கம்பிக்கும் பலகைக்கும் உள்ள உயரத்தைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், பாதி வலி போய்விடும். தினமும் பதினைந்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட மேல். சுகர் இருப்பவர்கள் குளுக்கோமீட்டருக்கு வலதுகை விரலில் குத்திக்கொள்ளுங்கள், இடதுகை கம்பிக்கு வேணும். விரல் நுனியில் வெட்டோ மரத்துப்போதலோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

எஃப் கார்டை மட்டும் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுச் செய்யுங்கள். நானாகக் கற்ற லட்சணம் மேலே படித்தீர்கள்.

24/
இப்போது என் ஓபியில், கழுத்து ஆபரேஷனுக்கு அனுப்பும் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன். "நீங்க பாடுவீங்களா?" முதலில் எல்லோரும் "ஐயோ, அதெல்லாம் இல்லைங்க" என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் வரும். ஒருத்தர் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர். ஒருத்தர் மீன் மார்க்கெட்டில் ஏலம் கூவுபவர். ஒரு அம்மா சர்ச் கொயர். ஒரு பாட்டி, பேரனுக்குத் தாலாட்டு மட்டும். போன மாசம் வந்த ஒருவர் ரொம்ப யோசித்துவிட்டு, "குலவை போடுவேங்க, அது கணக்கா?" என்று கேட்டார்.

கணக்குதான் என்று சொல்லி, போட்டுக் காட்டச் சொன்னேன். மருந்துக் கவுன்டரில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரெஃபரல் சீட்டில் முதல் வரியிலேயே எழுதி அனுப்பினேன்.

25/
அந்த மொட்டைமாடிப் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. எப்போதாவது கேட்பேன். அதே ஒல்லிக் குரல், அனுபல்லவியில் ஒரு இடத்தில் சுருதி விலகல், பின்னால் தெரு நாய். அந்தக் குரல் திரும்பி வராது என்பதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் ராத்திரி இருபது நிமிஷம் நடக்கிறது, இரண்டாவது ஃப்ரெட்டில்.

உங்கள் வீட்டில் யார் பாடுவார்கள்? சமையல்கட்டிலோ, ஷேவ் செய்யும்போதோ, சாமி அறையிலோ. கமென்ட்டில் சொல்லுங்கள். முடிந்தால் இன்றைக்கே போனில் ஒரு தடவை பதிவு செய்து வையுங்கள். "என் குரல் இப்படியா இருக்கு?" என்று கேட்பார்கள். இப்படித்தான் என்று சொல்லிவிடுங்கள்.